மலையா, குப்பை மேடா? - சீன நிலக்காட்சி ஓவியமும் வெட்டி ஒட்டிய புகைப்படமும்

முதல் பார்வைக்கு அது ஒரு பழைய சீன ஓவியம். பச்சையும் நீலமும் கலந்த மலைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மலைகளுக்கு நடுவே பனிமூட்டம். அடிவாரத்தில் அசையாத நீர், ஒரு மண்டபம், ஒரு படகு. ஓரத்தில் சிவப்பு முத்திரை. எண்ணூறு, தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தைய பட்டு ஓவியம் ஒன்றை யாரோ ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அடுத்த படத்துக்குப் போயிருப்பேன். ஏதோ உறுத்தியதால் பெரிதாக்கிப் பார்த்தேன். மலை மேல் இருந்தது புல்லும் இல்லை, மரமும் இல்லை. வலை! கட்டட வேலை நடக்கும் இடங்களில் தூசி பறக்காமல் இருக்கப் போர்த்துவார்களே, அந்தப் பச்சை வலை. வலைக்கு அடியில் இருந்தது மலையும் இல்லை. இடிபாடும் குப்பையும்தான்.

படத்தை உருவாக்கியவர் யாவோ லூ. 1967-ல் பெய்ஜிங்கில் பிறந்த புகைப்படக் கலைஞர். 'புதிய நிலக்காட்சிகள்' என்ற வரிசையில் இப்படிப் பல படங்களை 2006-லிருந்து செய்திருக்கிறார். பல புகைப்படங்களைக் கணினியில் வெட்டி ஒட்டிச் செய்யப்பட்டவை இவை. அதாவது, யாரும் எந்த இடத்திலும் நின்று இந்தக் காட்சியைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது.

அப்படியானால் இது பொய்யா? புகைப்படம் என்றால் உண்மை, அதில் கை வைத்தால் மோசடி என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஆனால் இந்தப் படங்களின் பின்னால் ஓர் ஆயிரம் வருட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு இந்தக் கேள்விக்கு அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம்.

மலையும் நீரும்

நிலக்காட்சி ஓவியத்துக்குச் சீன மொழியில் 'ஷான்ஷுயி' என்று பெயர். ஷான் என்றால் மலை, ஷுயி என்றால் நீர். மலைநீர் ஓவியம். பட்டின் மேலோ காகிதத்தின் மேலோ தூரிகையாலும் மையாலும் வரைவது. 10, 11-ஆம் நூற்றாண்டுகளில், வடக்கு சுங் அரச மரபின் காலத்தில், இந்தக் கலை உச்சத்துக்குப் போனது.

அந்தக் காலத்து ஓவியங்களில் இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஃபான் குவான் வரைந்த 'மலைகளுக்கும் ஓடைகளுக்கும் இடையே பயணிகள்'. சுமார் கி.பி. 1000-ஐ ஒட்டி வரையப்பட்டது. இரண்டு மீட்டருக்கும் அதிக உயரம். படத்தின் பெரும்பகுதியை ஒரே ஒரு மலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கீழே மூலையில் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு போகிற மனிதர்கள் எறும்பு அளவுக்கு இருக்கிறார்கள். ஓவியர் தன் கையெழுத்தைக்கூட இலைகளுக்கு நடுவே ஒளித்து வைத்துவிட்டார். அதைக் கண்டுபிடிக்கவே 1958 வரை ஆனது!

இன்னொன்று, குவோ ஷி 1072-ல் வரைந்த 'இளவேனில்'. இப்போது இரண்டு ஓவியங்களும் தைவானில், தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பனி உருகி, மலைகள் மூச்சுவிடத் தொடங்கும் நேரம் அது. மேகமா பாறையா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் நெளிகின்றன.

குவோ ஷி அரசவை ஓவியர். அவர் சொன்ன கருத்துகளை அவருடைய மகன் குவோ ஸி தொகுத்து வைத்தார். அதில் நம் விஷயத்துக்குத் தேவையான செய்திகள் இரண்டு.

முதலாவது, எதற்காக மலையை வரைய வேண்டும் என்பது. அரசாங்க வேலையிலும் குடும்பப் பொறுப்பிலும் மாட்டிக்கொண்டவர்களுக்கு மலைக்குப் போய் வாழ ஆசை இருக்கும், ஆனால் போக முடியாது. அப்படிப்பட்டவர் வீட்டில் உட்கார்ந்தபடியே மலைக்குள் போய்வர ஓவியம் உதவ வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆக, ஆரம்பத்திலிருந்தே இந்தக் கலை, கையில் இல்லாத மலையைப் பற்றியது.

இரண்டாவது, எப்படி வரைய வேண்டும் என்பது. குவோ ஷி மூன்று தொலைவுகளைச் சொல்கிறார். அடிவாரத்தில் நின்று சிகரத்தை அண்ணாந்து பார்ப்பது உயரத் தொலைவு. முன்னால் இருக்கும் மலையைத் தாண்டி அதன் பின்னால் எட்டிப் பார்ப்பது ஆழத் தொலைவு. பக்கத்து மலையிலிருந்து தூரத்து மலைகளைச் சமமாகப் பார்ப்பது தட்டைத் தொலைவு. ஒரே ஓவியத்தில் இந்த மூன்றும் வரலாம். மலை ஒவ்வொரு அடிக்கும் ஒரு வடிவம் மாறும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதனால் ஓவியர் நடந்து நடந்து பார்த்து மனதில் நிரப்பிக்கொண்டு, பிறகு வரைய வேண்டும்.

இதன் அர்த்தம் என்னவென்றால், 'இளவேனில்' ஓவியத்தில் உள்ள மலையைக் காட்டுங்கள் என்று யாராலும் கேட்க முடியாது. அப்படி ஒரு மலை இல்லை. பல மலைகளும் பல நடைகளும் பல பருவங்களும் சேர்ந்து ஒரு பட்டுத்துணியில் ஒட்டப்பட்டிருக்கின்றன. அதை யாரும் பொய் என்று சொல்லவில்லை. சொல்லப்போனால், ஒரு இடத்தை அப்படியே நகலெடுத்தவரைத்தான் சாதாரண ஓவியர் என்று பிற்காலத்தில் மட்டமாகப் பார்த்தார்கள்.

கேமராவுக்கு ஒரே கண்

1839-ல் பாரிஸில் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கேமரா இதற்கு நேர் எதிரானது. அதற்கு ஒரே கண். அது ஒரே இடத்தில் நிற்கும். ஒரே நேரத்தைப் பிடிக்கும். நடந்து பார்க்காது.

ஆனால் ஐரோப்பாவிலேயே புகைப்படக்காரர்களுக்கு இந்த ஒற்றைக் கண் சீக்கிரமே அலுத்துவிட்டது. முதல் காரணம் தொழில்நுட்பம். அன்றைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கு அளவுக்கு மீறி உணர்ச்சி கொண்டவை. கடலுக்குத் தேவையான நேரம் ஒளியைக் காட்டினால் வானம் வெளுத்துப்போய் வெறும் வெள்ளையாகிவிடும். வானத்துக்கு ஏற்ற மாதிரி எடுத்தால் கடல் கறுத்துவிடும். பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே இதற்கு ஒரு வழி கண்டார். கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ். தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே காகிதத்தில் அச்சிடுவது. 1856, 57-ல் அவர் எடுத்த கடல் காட்சிகள் பெரும் புகழ் பெற்றன. ஒரே மேகக் கூட்டம் இரண்டு வெவ்வேறு கடல்களுக்கு மேல் மிதந்த கதையும் உண்டு :-)

இரண்டாவது காரணம் கௌரவம். புகைப்படம் வெறும் இயந்திர வேலை, கலை இல்லை என்று சொன்னவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சுவீடனில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஆஸ்கர் ரெய்லாண்டர், 1857-ல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்து 'வாழ்வின் இரு பாதைகள்' என்ற பெரிய படத்தைச் செய்தார். ராஃபேலின் 'ஏதென்ஸ் பள்ளி' ஓவியத்தை நினைவூட்டும் அமைப்பு அது. விக்டோரியா மகாராணி ஒரு பிரதியை வாங்கினார். அடுத்த ஆண்டே ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகடிவ்களைச் சேர்த்து, மரணப்படுக்கையில் இருக்கும் ஒரு பெண்ணின் படத்தைச் செய்தார். இது மோசடி என்று ஒரு கட்சி, கலை என்று இன்னொரு கட்சி. இன்று ஃபோட்டோஷாப் பற்றி நடக்கும் சண்டை அப்போதே வார்த்தைக்கு வார்த்தை நடந்து முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

பட்டுத் துண்டுகளைச் சேர்த்தவர்

இந்த ஐரோப்பிய வித்தையைச் சீன மலைக்கு எடுத்துப் போனவர் லாங் ஜிங்ஷான். 1892-ல் ஜியாங்சு மாகாணத்தில் பிறந்து, 1995-ல் தைபேயில் மறைந்தார். நூறு வயதைத் தாண்டிய வாழ்க்கை. ஷாங்காயில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஓவிய ஆசிரியரிடம் புகைப்படமும் கற்றுக்கொண்டார். பிறகு பத்திரிகைகளில் வேலை பார்த்தார். சீனாவின் முதல் பத்திரிகைப் புகைப்படக்காரர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். நிஜத்தை நிஜமாகக் காட்டுவதுதான் அவருக்குச் சம்பளம் கொடுத்த தொழில் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் அவருக்குப் புகழ் தந்தது வேறு. 1934-ல் 'வசந்த மரங்களும் ஓங்கிய சிகரமும்' என்ற படத்தைச் செய்தார். பல நெகடிவ்களை இருட்டறையில் ஒரே காகிதத்தில் சேர்த்து அச்சிட்ட படம். இந்த முறைக்கு 'ஜிஜின்' என்று பெயர் வைத்தார். பட்டு ஜரிகைத் துண்டுகளைத் திரட்டிச் சேர்ப்பது என்பது அந்தச் சொல்லின் பொருள். ஒரு ஊரின் மலை, வேறு ஊரின் மரம், இன்னொரு நாளின் படகு.

ரெய்லாண்டருக்கு இருந்த பெரிய தலைவலி, ஒட்டு தெரியாமல் மறைப்பது. லாங்குக்கு அந்தத் தலைவலி பாதிதான். ஏன் தெரியுமா? சீன ஓவியத்தில் மலைக்கும் மலைக்கும் நடுவே ஏற்கெனவே வெற்றிடம் இருக்கிறது! அதைப் பனி என்றும் மேகம் என்றும் நீர் என்றும் பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார். இருட்டறையில் அந்த இடத்தில் வெளிச்சம் படாமல் மறைத்துவிட்டால் காகிதம் வெள்ளையாகவே இருக்கும். ஒட்டு விழும் இடம் பனிமூட்டமாகிவிடும். ஆயிரம் வருட ஓவிய மரபு ஒரு தொழில்நுட்பச் சிக்கலைத் தீர்த்து வைத்த அழகான இடம் இது.

குவோ ஷியின் மூன்று தொலைவுகளும் இதனால் கேமராவுக்கு வந்தன. அடிவாரத்திலிருந்து எடுத்த பாறையும், உச்சியிலிருந்து எடுத்த பள்ளத்தாக்கும் ஒரே படத்தில். ஒற்றைக் கண் கேமரா நடக்கக் கற்றுக்கொண்டது. இது மேற்கத்திய தந்திரம் இல்லை, சீன ஓவியக் கொள்கைதான் என்று லாங் வாதாடினார். 6-ஆம் நூற்றாண்டில் ஷியே ஹே என்ற விமர்சகர் வகுத்த ஆறு ஓவிய விதிகளைத் துணைக்கு அழைத்தார். புகழ்பெற்ற ஓவியர் ஜாங் தாச்சியான் அவருக்கு நண்பர். நீண்ட தாடியோடு, மலையில் தனியே நிற்கும் பழங்கால அறிஞர் போல அவரையே நிறுத்திப் படம் எடுத்தார்.

இப்போது ஒரு சங்கடமான கேள்வி. லாங் இந்த அமைதியான மலைகளைச் செய்துகொண்டிருந்த வருடங்கள் எப்படிப்பட்டவை? 1937-ல் ஜப்பானுடன் முழுப் போர் மூண்டது. அது 1945 வரை நீடித்தது. பிறகு உள்நாட்டுப் போர். 1949-ல் அவர் தைவானுக்குப் போனார். அவருடைய மலைநீர்ப் படங்களில் குண்டு இல்லை, ரயில் இல்லை, தந்திக் கம்பம் இல்லை, அகதிகள் இல்லை. இருபதாம் நூற்றாண்டே இல்லை. பத்திரிகைக்குப் படம் எடுத்த மனிதர், எல்லாவற்றையும் பார்த்தவர், இருட்டறைக்குள் போனதும் அத்தனையையும் பனியால் மூடிவிட்டார்.

இதைத் தப்பியோடுதல் என்று சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் குவோ ஷி சொன்னதை நினைத்துப் பாருங்கள். போக முடியாத மலைக்காகத்தானே இந்தக் கலை? திரும்பிப் போக முடியாத நாட்டின் மலைகளைப் பழைய நெகடிவ்களிலிருந்து ஒருவர் மறுபடி மறுபடி அடுக்கிப் பார்ப்பதை வெறும் தப்பித்தல் என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. அவருடைய பனி எதை மறைத்தது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

கணினி வந்தது

1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' இதழின் அட்டையில் எகிப்தின் கிஸா பிரமிடுகள் வந்தன. எடுத்த படம் அகலமானது, அட்டையோ நெட்டையானது. அதனால் கணினி வழியாக இரண்டு பிரமிடுகளை நெருக்கி வைத்துவிட்டார்கள். விஷயம் வெளியே தெரிந்ததும் பெரிய சர்ச்சை. 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு விற்பனைக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் மட்டும் செய்த வேலை மெல்ல மெல்ல வீட்டு மேஜைக்கு வந்துவிட்டது.

பிரமிடு விஷயத்தில் தவறு எங்கே? வெட்டி ஒட்டியதில் இல்லை. செய்தி சொல்லும் இதழ், இது கேமரா பார்த்தது என்று வாசகர் நம்பும் இடத்தில், சொல்லாமல் செய்ததில் இருக்கிறது. இந்த வித்தியாசம் முக்கியம்.

கனடாவின் ஜெஃப் வால் 1993-ல் செய்த படம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஜப்பானின் ஹொகுசாய், 1830-களில் ஃபூஜி மலையின் 36 காட்சிகள் என்ற வரிசையில் ஒரு மர அச்சு ஓவியம் செய்தார். வழிப்போக்கர்கள் திடீர்க் காற்றில் சிக்கித் தவிக்கிறார்கள், காகிதங்கள் வானத்தில் பறக்கின்றன, தூரத்தில் ஃபூஜி. வால் இதை வான்கூவர் அருகே ஒரு வயல்வெளியில் மறுபடி அமைத்தார். ஒரு வருடத்துக்கும் மேலாக எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைக் கணினியில் சேர்த்து, ஒரே நொடியில் நடந்தது போன்ற ஒரு காட்சி. கிட்டத்தட்ட இரண்டேகால் மீட்டர் உயரம், மூன்றே முக்கால் மீட்டர் அகலம், பின்னால் விளக்கு. ஹொகுசாயின் படத்தில் இருந்த ஃபூஜி மலை மட்டும் வாலின் படத்தில் இல்லை. பழைய ஓவியத்தை நினைவில் வைத்திருப்பவருக்குத்தான் அந்த இழப்பு தெரியும். பழைய படத்தைப் புதிய படத்துக்கு அடியில் வைத்தால், இல்லாமல் போனது எது என்று சொல்லாமலே சொல்ல முடிகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி பெய்ஜிங்குக்குப் போவோம்.

பச்சை வலை

யாவோ லூவின் படங்கள் தோன்றிய 2006, 2007-ஆம் ஆண்டுகளில் பெய்ஜிங் 2008 ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பழைய சந்துகளும் முற்றம் வைத்த வீடுகளும் இடிக்கப்பட்டன. இடிக்க வேண்டிய சுவரில் 'இடி' என்ற எழுத்தை வட்டத்துக்குள் பெயின்ட்டால் எழுதிவிட்டுப் போவார்கள். இடிபாடு மேடாகக் குவியும். தூசி பறக்கக் கூடாது, பார்க்க அசிங்கமாகவும் இருக்கக் கூடாது. அதனால் மேல் பச்சை வலை.

யாவோ லூ அந்த மேடுகளைப் படம் எடுத்தார். அவற்றைப் பழைய 'நீல-பச்சை' மலைநீர் ஓவிய மரபில் அடுக்கினார். அந்த மரபின் மிகப் பெரிய சாதனை வாங் ஷிமெங் 1113-ல் வரைந்த 'ஆயிரம் லீ ஆறுகளும் மலைகளும்'. கிட்டத்தட்ட 12 மீட்டர் நீளம். வரைந்தபோது அவருக்கு வயது 18. நீலத்துக்கு அசுரைட் கல், பச்சைக்கு மாலகைட் கல். இரண்டையும் அரைத்துப் பூசியதால் ஒன்பது நூற்றாண்டு கழித்தும் நிறம் மின்னுகிறது. யாவோ லூவின் பச்சைக்கு மாலகைட் தேவைப்படவில்லை. பிளாஸ்டிக் கொடுத்தது.

2008-ல் அவர் செய்த ஒரு படத்துக்கு 'ஃபூசுன் மலையில் வாசம்' என்று பெயர். இது ஹுவாங் கோங்வாங் 1350-ல் முடித்த புகழ்பெற்ற சுருளின் பெயர். அந்தச் சுருளுக்கே ஒரு சோகக் கதை உண்டு. 1650-ல் அதை வைத்திருந்தவர் சாகும் தறுவாயில் தன்னோடு அதையும் எரித்துவிடச் சொன்னார். நெருப்பிலிருந்து உறவினர் பிடுங்கி எடுத்தபோது இரண்டு துண்டாகிவிட்டது. சிறிய துண்டு சீனாவின் ஹாங்சோவில், பெரிய துண்டு தைபேயில். 2011-ல்தான் இரண்டும் தைபேயில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டன. ஓர் ஓவியத்தைக் காப்பாற்ற நெருப்பில் கைவிட்ட நாடு, அந்த ஓவியத்தில் இருந்த மாதிரி நிலத்தை என்ன செய்தது என்பதுதான் யாவோ லூ அந்தத் தலைப்பின் மூலம் கேட்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதே 2008-ல் பாரிஸ் ஃபோட்டோ கண்காட்சியின் பி.எம்.டபிள்யூ பரிசு அவருக்குக் கிடைத்தது.

பழைய ஓவியரைப் பின்பற்றிச் செய்வது சீன மரபில் திருட்டு இல்லை, மரியாதை. 'இன்னாரைப் பின்பற்றி' என்று ஓவியத்திலேயே எழுதிவைப்பது வழக்கம். யாவோ லூ அந்த மரியாதையின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, உள்ளடக்கத்தை மட்டும் மாற்றினார். முத்திரை உண்டு, பனி உண்டு, படகு உண்டு. மலைக்குப் பதில் குப்பை.

கிரேன்களே மரங்கள்

யாங் யோங்லியாங் 1980-ல் ஷாங்காயில் பிறந்தவர். சிறு வயதிலேயே மரபு ஓவியமும் எழுத்தணியும் பயின்றவர். 2006-ல் 'மாய நிலக்காட்சி' என்ற வரிசையைத் தொடங்கினார். கறுப்பு வெள்ளை. தூரத்தில் நின்றால் சுங் காலத்து மைச் சுருள். கிட்டே போனால் பாறை என்று நினைத்தது அடுக்குமாடிக் கட்டடங்கள். மலையுச்சிப் பைன் மரங்கள் என்று நினைத்தது உயர் மின்னழுத்தக் கோபுரங்களும் கிரேன்களும்.

2008-ல் அவர் செய்த 'அலைக் காட்சி' சுமார் 10 மீட்டர் நீளம் கொண்டது. 12-ஆம் நூற்றாண்டில் ஜாவோ ஃபூ வரைந்த யாங்சி ஆற்றுச் சுருளை ஒட்டியது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2013 டிசம்பரில் தொடங்கிய 'மைக் கலை' கண்காட்சியில் இது இடம்பெற்றது. 2014-ல் ஃபான் குவானின் அந்தப் 'பயணிகள்' மலையையே கட்டடங்களால் மறுபடி எழுப்பினார்.

இது வெறும் வேடிக்கையா என்றால், ஒரு கணக்கைப் பாருங்கள். அமெரிக்கா 20-ஆம் நூற்றாண்டு முழுவதும் பயன்படுத்திய சிமென்ட் சுமார் 450 கோடி டன். சீனா 2011 முதல் 2013 வரை மூன்றே ஆண்டுகளில் பயன்படுத்தியது சுமார் 660 கோடி டன். 2011-ல்தான் சீன மக்கள்தொகையில் நகரவாசிகள் முதல் தடவையாகப் பாதியைத் தாண்டினார்கள். மலையை உடைத்துச் சிமென்ட் ஆக்கி, சிமென்ட்டை மறுபடி மலையாக அடுக்கிவிட்டார்கள். யாங் யோங்லியாங் மிகைப்படுத்தவில்லை. அடுக்கி மட்டும் காட்டினார்.

ஃபான் குவானின் மலை முன்னால் மனிதன் எறும்பாக இருந்தான். யாங்கின் மலை முன்னாலும் மனிதன் எறும்புதான். ஆனால் இந்த மலையைக் கட்டியதே அந்த எறும்புகள். பழைய படத்தில் சிறுமை என்பது பணிவு. புதிய படத்தில் அதே சிறுமை பயத்தைத் தருகிறது.

பொய்யா, நிஜமா?

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. குப்பையைக் காட்ட வேண்டும் என்றால் குப்பையையே காட்டலாமே? வாங் ஜியூலியாங் என்ற புகைப்படக்காரர் அதைத்தான் செய்தார். 2008-லிருந்து பெய்ஜிங்கைச் சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான குப்பைக் கிடங்குகளைத் தேடித் தேடிப் படம் எடுத்து, அவற்றை வரைபடத்தில் குறித்தார். நகரைச் சுற்றிக் குப்பையாலேயே ஒரு வளையம் இருப்பது அந்த வரைபடத்தில் தெரிந்தது. 2011-ல் 'குப்பை சூழ்ந்த பெய்ஜிங்' என்ற ஆவணப்படமும் வந்தது. அதில் மாயம் இல்லை. ஆடுகள் குப்பையில் மேய்கின்றன, மனிதர்கள் குப்பையில் வாழ்கிறார்கள். எந்த இடம் என்று குறித்துக் காட்ட முடியும். நடவடிக்கை எடு என்று கேட்க முடியும்.

யாவோ லூவின் படத்தை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடமும் போய் நிற்க முடியாது. எந்தக் குப்பைமேடு, எந்தத் தெரு என்று அது சொல்லாது. மேலும் ஓர் ஆபத்து, அந்தப் படம் அழகாக இருக்கிறது. வரவேற்பறையில் மாட்டலாம். குப்பையைக் கண்ணுக்கு இனிமையாக்குவது குப்பைக்குச் செய்யும் உதவி ஆகிவிடாதா?

இந்தக் கேள்வி என்னைக் கொஞ்ச நாள் தொந்தரவு செய்தது. நான் வந்து சேர்ந்த இடம் இது.

இரண்டு படங்களும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில். குப்பை எங்கே இருக்கிறது என்பதற்கு வாங் ஜியூலியாங் பதில் சொல்கிறார். அதற்குக் கேமராவின் ஒற்றைக் கண்தான் வேண்டும், அங்கே ஒட்டு வேலை செய்தால் அது குற்றம். நாம் ஏன் அதைப் பார்க்கவில்லை என்பதற்கு யாவோ லூ பதில் சொல்கிறார். பார்க்காததற்குக் காரணம் அழகு. பச்சையாக எதையாவது போர்த்திவிட்டால் கண் திருப்தியாகி நகர்ந்துவிடுகிறது. படத்தின் முன்னால் நான் செய்ததும் அதுதான். மலை என்று நினைத்து நகரப் பார்த்தேன். ஏமாந்த அந்தச் சில விநாடிகள் இல்லாவிட்டால் படத்துக்கு வேலையே இல்லை. வாங் ஜியூலியாங்கின் படத்தில் நான் சாட்சி. யாவோ லூவின் படத்தில் நானே உடந்தை.

இன்னொன்றும் தோன்றியது. இந்த நிலக்காட்சியை முதலில் மாற்றியது யார்? கணினியில் உட்கார்ந்த கலைஞரா? இல்லை. இடிபாட்டின் மேல் பச்சை வலையைப் போர்த்தி, தூரத்திலிருந்து பார்த்தால் புல்மேடு மாதிரி தெரியச் செய்தார்களே, அவர்கள்தான். திருத்தல் வேலை படம் எடுப்பதற்கு முன்பே நிலத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. அந்த வலையை நேர்மையாக, எந்த ஒட்டும் இல்லாமல் எடுத்த புகைப்படம்கூட ஒரு மறைப்பைத்தான் பதிவு செய்திருக்கும். யாவோ லூ அந்தப் பொய்யை அதன் எல்லை வரை தள்ளிக்கொண்டு போய் உடைய வைத்தார்.

லாங் ஜிங்ஷானின் பனி ஒட்டுகளை மறைத்தது, கூடவே ஒரு நூற்றாண்டையும் மறைத்தது. எழுபது வருடம் கழித்து அதே பனி, அதே ஒட்டு, அதே முத்திரை. ஆனால் இந்த முறை கிட்டே வந்து பார்ப்பவருக்கு எல்லாம் தெரிகிற மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. வித்தை மாறவில்லை. யாரிடமிருந்து எதை மறைக்கிறது என்பது மட்டும் மாறியிருக்கிறது.

குவோ ஷி ஓவியம் வரைந்தது மலைக்குப் போக முடியாதவர்களுக்காக. அவர்கள் போகாவிட்டாலும் மலை அங்கே இருந்தது. இன்று அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு மலையைத் தேடிப் போகிறவர், போய்ச் சேரும் இடத்தில் வலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.